முப்பதாயிரம் ரூபாய் கார்டில் எட்டு ஜிபி போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும், அதுவும் லட்ச ரூபாய் கார்டு இல்லை, இருபத்தைந்தாயிரத்திலிருந்து அறுபதாயிரத்துக்குள் இருக்கும் நடுத்தர கார்டு. கொடுக்கிற காசுக்கு அது பெறுமா? பிரின்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே பேசிவிடுவோம்.

கேள்வி: 2017இல் அப்பா வாங்கிக் கொடுத்த சிஸ்டத்தில் இன்னும் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டுதான் ஓடுகிறது. இப்போது சொந்தச் சம்பளத்தில் 35,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கலாமா? கடைக்காரர் “கண்ணை மூடிட்டு எடுங்க சார், டபுள் ஸ்பீடுக்கு மேல இருக்கும்” என்கிறார். மானிட்டர் 1080பி (ஃபுல் எச்டி), பிராசஸர் ஐ5 ஏழாம் தலைமுறை. (ஈரோடு வாசகர்)

பதில்: வேகத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். 1060ஐயும் 5060ஐயும் பக்கத்தில் வைத்தால் இரண்டு மடங்கைத் தாண்டியே போகும். எனக்குக் கவலை வேகத்தில் இல்லை, மெமரியில்.

உங்கள் அப்பா வாங்கிய 1060ஐ என்விடியா நிறுவனம் கொண்டுவந்தது 2016 ஜூலையில். 249 டாலர், 6 ஜிபி மெமரி, 192 பிட் பாதை (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவில் டேட்டா போகும் வழியின் அகலம்). 2021இல் வந்த 3060க்கு 329 டாலர் விலை, ஆனால் 12 ஜிபி கொடுத்தார்கள், பாதை அதே 192 பிட். 2023இல் வந்த 4060இல் மெமரி 8 ஜிபிக்கு இறங்கியது, பாதையும் 128 பிட்டாகச் சுருங்கியது, விலை 299. 2025 மே மாதம் வந்த 5060ம் அதே 8 ஜிபி, அதே 128 பிட், அதே 299 டாலர். மெமரியின் ரகம் மட்டும் ஜிடிடிஆர்7 என்று மாறி வேகம் கூடியிருக்கிறது. 1060 வந்த அதே 2016இல் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டு 239 டாலருக்கு 8 ஜிபியோடு வந்ததை நினைத்துப் பாருங்கள். ஒன்பது வருஷம் கழித்து, அதைவிட அதிக விலைக்கு, அதே எட்டு ஜிபி. கேம்கள் மட்டும் அப்படியே நிற்கவில்லையே.

இந்த மெமரி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அடுப்புப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரி அது. கடுகு, சீரகம், மிளகு எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் வரை தாளிப்பு ஒரு நொடி. பெட்டியில் இடமில்லாமல் சீரகத்தைப் பரணில் வைத்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறி எடுத்து வருவதற்குள் எண்ணெய் கருகிவிடும். 5060 கார்டு தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் எடுக்கும். அது நிரம்பிவிட்டால் சிஸ்டத்தின் ரேமுக்குப் போக வேண்டும், அந்த வழி மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக. உங்களுடையது ஏழாம் தலைமுறை போர்டு, பிசிஐஇ 3.0. அந்த ஸ்லாட்டில் இருக்கும் பதினாறு லேனில் (டேட்டா போகும் தடங்கள்) 5060 கார்டு எட்டைத்தான் பயன்படுத்தும். ஆக, உங்கள் வீட்டில் அந்த வழியின் வேகம் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. 448 எங்கே, 8 எங்கே! ஓடிக்கொண்டிருக்கிற கேம் திடீரென்று அரை நொடி உறைந்து நிற்பதும், சுவரும் முகமும் களிமண் பூசியது மாதிரி மங்கலாகத் தெரிவதும் இதனால்தான். அந்த நேரத்தில் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எண்ணைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆடுகிறவருக்குத்தான் எரிச்சல்.

இதற்கு முன்னால் ஒரு தடவை இதே கதை நடந்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் 1060இன் 3 ஜிபி மாடல் 199 டாலருக்கு வந்தது. பெயர் அதே 1060, ஆனால் மெமரி பாதி, உள்ளே கோர்களும் (கணக்குப் போடும் பகுதிகள்) கொஞ்சம் குறைவு. என் நண்பன் ஒருவன் மிச்சம் பிடிக்கலாம் என்று அதை எடுத்தான், நான் 6 ஜிபி எடுத்தேன். மூன்று வருஷத்தில் அவன் புதுக் கேம் எதைப் போட்டாலும் டெக்ஸ்சரை (சுவர், முகம் போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) ‘லோ’வில் வைத்துத்தான் ஆட வேண்டியிருந்தது. உங்கள் 1060 இத்தனை வருஷம் தாங்கியதற்கு அந்த மூன்று கூடுதல் ஜிபியும் ஒரு காரணம். அப்பாவுக்கு நன்றி சொல்லுங்கள்.

அதனால் என் அபிப்பிராயம்: நீங்கள் 8 ஜிபி கார்டு எடுக்க வேண்டாம். 2025 ஜூனில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி மாடலைப் பாருங்கள். அறிவித்த விலை 349 டாலர். ஒரு டாலர் 88 ரூபாய் என்று வைத்து, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் 36,200 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது, அதை மறந்துவிட்டு நம் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக் கொஞ்சம் சேர்த்தால் உங்களுக்கு எட்டும். அந்தக் கார்டு பதினாறு லேனையும் பயன்படுத்தும் என்பதால் உங்கள் பழைய போர்டிலும் அடி குறைவு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழாம் தலைமுறை ஐ5இல் நான்கு கோர்தான், எந்தப் புதுக் கார்டு போட்டாலும் அது பின்னால் பிடித்து இழுக்கும். முதலில் கார்டை மாற்றுங்கள், அடுத்த வருஷம் போர்டு, பிராசஸர், ரேம் மாற்றும்போது இதே கார்டைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். 16 ஜிபி கார்டு அப்படிக் கூடவே வரும், 8 ஜிபி கார்டு வருமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாற்றுவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம், 1060 உள்ளிட்ட அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு வழக்கமான கேம் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. அப்புறம், அந்த 2017 எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்ன பிராண்டு, எத்தனை வாட் என்று கேபினெட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்ததாக இருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5070 வாங்கினால் போன தலைமுறையின் உச்சக் கார்டான 4090க்குச் சமம் என்று அறிமுகத்தின்போது சொன்னார்களே, அது நிஜமா? 1440பி மானிட்டர் வைத்திருக்கிறேன். 60,000 வரை செலவு செய்யத் தயார். (கோவை வாசகர்)

பதில்: 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்ன வாக்கியம் அது. 549 டாலருக்கு 4090இன் திறன் என்றார். 4090 வந்தபோது விலை 1,599 டாலர், மெமரி 24 ஜிபி. 5070இல் 12 ஜிபி. கார்டு கைக்கு வந்து பரிசோதித்தபோது 4070 சூப்பருக்குப் பக்கத்தில்தான் நின்றது. அது 2024 ஜனவரியில் வந்த கார்டு.

அப்படியானால் மேடையில் காட்டிய எண் எங்கிருந்து வந்தது? மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வசதியிலிருந்து. கார்டு நிஜமாகக் கணக்குப் போட்டு வரையும் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில், ஏஐ மூன்று படங்களை ஊகித்துச் சேர்க்கும். 30 படம் வரைந்தால் திரையில் 120 என்று காட்டும். பார்க்கக் கண்ணுக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் மவுஸை அசைத்தது கேமுக்குத் தெரிவது அந்த 30 நிஜப் படங்களில்தான், அதாவது 33 மில்லி நொடிக்கு ஒரு தடவை. போதாததற்கு அடுத்த நிஜப் படம் தயாரான பிறகுதான் இடையில் இருப்பதை ஊகிக்க முடியும் என்பதால் கொஞ்சம் தாமதம் கூடவே சேரும். என் கையில் அது எப்படி இருந்தது என்றால், தண்ணீருக்குள் நின்றுகொண்டு கை வீசுவது மாதிரி. திரையில் 120 ஓடுகிறது, கை மட்டும் பின்தங்கி வருகிறது. ஏற்கெனவே 60, 70 நிஜப் படங்கள் வருகிற இடத்தில் இந்த வசதியைப் போட்டால் அருமை, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 144 படம் காட்டுவது) முழுதாக நிறையும். திணறுகிற கார்டைக் காப்பாற்ற மட்டும் இது உதவாது. இந்த வசதிக்கே மெமரி கொஞ்சம் தேவைப்படும், 8 ஜிபி கார்டில் இருக்கிற இடத்தையும் அது எடுத்துக்கொள்ளும்.

இதையும் அப்ஸ்கேலிங்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 இரண்டும் உண்மையிலேயே நல்ல விஷயங்கள், அவை நிஜப் படங்களின் எண்ணிக்கையையே கூட்டுகின்றன. டிஎல்எஸ்எஸ்ஸின் புதிய அப்ஸ்கேலிங் மாடலை 2018இல் வந்த 20 வரிசைக் கார்டுக்கும் கொடுத்தார்கள். அதற்காக என்விடியாவைப் பாராட்ட வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 5070 வந்த மறுநாள், 2025 மார்ச் 6இல், அதே 549 டாலர் விலையில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 வந்தது. 16 ஜிபி, 256 பிட் பாதை, 220 வாட். ரூபாய்க் கணக்கில் இரண்டும் 57,000 சுற்று. 1440பி மானிட்டரில் நான்கைந்து வருஷம் ஆட வேண்டும் என்றால் என் ஓட்டு 9070க்கு. பாத் டிரேசிங் (ஒளிக்கதிர்கள் போகும் வழியையெல்லாம் கணக்கிட்டு வரையும் முறை) போட்டு ஆடுவதுதான் உங்கள் ஆசை என்றால் 5070 முந்தும், அது நியாயமான காரணம்தான். 4090 ஆசையில் மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: சார், எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. பிளஸ் ஒன் படிக்கும் மகன் 60,000 ரூபாயில் கார்டு கேட்கிறான். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் என்று இரண்டு கேம்தான் ஆடுகிறான். அவ்வளவு விலை தேவையா? வாங்கித் தராவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். (திருநெல்வேலி வாசகி)

பதில்: தேவையில்லை அம்மா. அந்த இரண்டும் குறைந்த திறனுள்ள கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்று நினைத்தே செய்த கேம்கள். மேலே ஈரோட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொன்ன 8 ஜிபி கார்டு உங்கள் மகனுக்குத் தாராளமாகப் போதும். 5060, அல்லது விலை குறைத்துக் கிடைத்தால் போன தலைமுறை 4060. அந்த 4060 வெறும் 115 வாட்தான் இழுக்கும், கரண்ட் பில்லுக்கும் நல்லது, கேபினெட்டும் சூடாகாது.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அவன் மானிட்டரின் செட்டிங்ஸைத் திறந்து எத்தனை ஹெர்ட்ஸ் என்று காட்டச் சொல்லுங்கள். 60 என்று இருந்தால், எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் நொடிக்கு 60 படத்துக்கு மேல் அந்தத் திரை காட்டாது. கார்டில் மிச்சமாகும் காசில் ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிக் கொடுத்தால் அவனுக்கு அன்று ராத்திரியே வித்தியாசம் தெரியும். கேட்டது கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிற பையன், கேட்டதைவிட நல்லது கிடைத்தால் முகம் மலர்வான். இந்தப் பதிலை அவனிடமே படிக்கக் கொடுங்கள், அவனுக்குப் புரியும்.

கேள்வி: இன்டெல் ஆர்க் பி580 விலை குறைவு, 12 ஜிபி வேறு. என்னிடம் ரைசன் 5 2600 இருக்கிறது. போடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வேண்டாம். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி என்று இன்டெல் இறக்கியபோது நானே சந்தோஷப்பட்டேன், அந்த விலையில் அவ்வளவு மெமரியை என்விடியாவும் ஏஎம்டியும் கொடுக்கவில்லை. ஆனால் அதன் டிரைவர் பிராசஸரிடம் நிறைய வேலை வாங்கும். உங்களுடையது மாதிரி பழைய ஆறு கோர் பிராசஸரில் போட்டால் கார்டின் பலத்தில் ஒரு பகுதி வீணாகிறது என்று பரிசோதனைகளில் தெரிந்துவிட்டது. பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதியும் போர்டில் கட்டாயம் வேண்டும். புதிய பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு பி580 இன்னமும் நல்ல கார்டு. உங்கள் போர்டு ஏஎம்4 (பிராசஸர் பொருந்தும் சாக்கெட்டின் பெயர்) ரகம்தான், அதில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5000 வரிசையில் ஒன்றை முதலில் மாற்றுங்கள், அப்புறம் கார்டைப் பேசலாம்.

கேள்வி: 9060 எக்ஸ்டி 16 ஜிபியா, 5060 டிஐ 16 ஜிபியா? கேம் பாதி, பிளெண்டர் (3டி உருவங்கள் செய்யும் மென்பொருள்) பாதி. (மதுரை வாசகர்)

பதில்: பிளெண்டர் என்று சொல்லிவிட்டதால் 5060 டிஐ. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ வேலைகளில் என்விடியாவின் ‘கூடா’வை (கார்டைக் கணக்கு வேலைக்குப் பயன்படுத்த உதவும் தளம்) நம்பித்தான் நிறைய மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கேம் மட்டும் என்றால் அறிவித்த விலையில் எண்பது டாலர் குறைவான 9060 எக்ஸ்டி போதும் என்பேன், வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை, ரே டிரேசிங்கில்தான் (ஒளிக்கதிரைக் கணக்கிட்டு வரைவது) கொஞ்சம் பின்தங்கும்.

வாங்கும்போது பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள், இது மிக முக்கியம். 5060 டிஐ என்ற ஒரே பெயரில், அறிவித்த விலைப்படி 379 டாலர் 8 ஜிபி, 429 டாலர் 16 ஜிபி என்று இரண்டு கார்டு இருக்கின்றன. 9060 எக்ஸ்டியும் அப்படித்தான், 299க்கும் 349க்கும். பெயரை இப்படி ஒன்றாக வைத்தது வாங்குகிறவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். என்விடியா அந்த 8 ஜிபி 5060 டிஐயை விமர்சகர்களுக்கு முன்கூட்டி அனுப்பவும் இல்லை, 16 ஜிபியின் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு 8 ஜிபியை வாங்கி வந்தவர்கள் எத்தனை பேரோ.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2020 டிசம்பரில் வந்த 3060 டிஐயின் மெமரி வேகம் நொடிக்கு 448 ஜிபி. அடுத்து வந்த 4060 டிஐயில் 288 ஆகக் குறைந்தது, சிப்புக்குள்ளேயே இருக்கும் ‘கேஷ்’ என்ற சின்ன மெமரியைப் பெரிதாக்கிச் சமாளித்தார்கள். 2025இன் 5060 டிஐயில் மறுபடியும் 448. ஐந்து வருஷம் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறோம். 3060 டிஐ வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: புதுசு வாங்கக் காசில்லை. செகண்ட் ஹேண்டில் 3060 12 ஜிபி நல்ல விலைக்கு வருகிறது. கிரிப்டோ நாணயத்துக்காக இரவும் பகலும் ஓட்டிய மைனிங் கார்டாக இருந்தால் என்ன செய்வது? (சென்னை, சிந்தாதிரிப்பேட்டை வாசகர்)

பதில்: 3060 12 ஜிபி நல்ல தேர்வு. ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி 12 ஜிபி கிடைத்தாலும் விடாதீர்கள், அது 3060ஐவிட வேகம். மைனிங் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும் கார்டு வைத்து மைனிங் செய்கிற பிழைப்பு ஏறத்தாழ முடிந்துபோனது. அப்போது மொத்தமாகச் சந்தைக்கு வந்த கார்டுகள்தான் இன்னமும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே சிப் செத்துவிடாது. தேய்வது ஃபேனும் தெர்மல் பேடும் (சிப்பின் சூட்டைக் கடத்தும் மெத்தை).

நான் பட்டது ஒன்று சொல்கிறேன். ஒரு சின்னக் கடையில் மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டிருந்தார்கள். கார்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள், எனக்கும் பிடித்துப்போனது. பத்து நிமிஷம் ஒரு கேமை ஓட்டிக் காட்டினார்கள், நன்றாக ஓடியது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் முக்கால் மணி நேரம் ஆடிய பிறகு திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள், அப்புறம் கறுப்பு. திருப்பிக் கொண்டுபோனால் “செக்கிங் வாரண்டி மட்டும்தான் தம்பி” என்று முடித்துவிட்டார்கள். பிறகு வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. பின்பக்க ஸ்குரூவின் தலை தேய்ந்திருந்தது, யாரோ பலமுறை கழற்றியிருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு ஃபேனை விரலால் சுற்றிவிட்டால் மற்றது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது அது மட்டும் டக்கென்று நின்றது.

அதனால் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்குரூ, எண்ணெய்க் கசிவு, ஃபேன் மூன்றையும் பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க விடாத இடத்தில் வாங்காதீர்கள், ஓடும்போது சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால், பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதிய போலிக் கார்டு பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஒரிஜினல் பில்லும், மூன்று வருஷ வாரண்டியில் மிச்சமும் இருக்கிற கார்டு என்றால் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5070 போட்ட லேப்டாப் வாங்கினால் டெஸ்க்டாப் 5070 அளவுக்கு இருக்குமா? (திருச்சி வாசகி)

பதில்: இருக்காது. லேப்டாப் 5070இல் மெமரி 8 ஜிபி, டெஸ்க்டாப்பில் 12. உள்ளே இருக்கும் சிப்பே வேறு, டெஸ்க்டாப் 5060 டிஐயில் போடுகிற சிப் அது. டெஸ்க்டாப் கார்டு 250 வாட் எடுத்துக்கொள்ளும், லேப்டாப்பில் 100 வாட்டைச் சுற்றித்தான் கொடுப்பார்கள், மாடலுக்கு மாடல் அதுவும் மாறும். ஹாஸ்டலுக்குத் தூக்கிப்போக வேண்டிய அவசியம் இருந்தால் மட்டும் லேப்டாப். அப்படி வாங்கும்போதும் கார்டின் பெயரோடு டிஜிபி (கார்டுக்குக் கொடுக்கும் மின்சாரம்) எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புதுக் கார்டு போட்டதிலிருந்து கரண்ட் போனால் யுபிஎஸ் இருந்தும் சிஸ்டம் ஆஃப் ஆகிவிடுகிறது. வெயில் காலத்தில் கார்டு வேறு கொதிக்கிறது. கார்டு சரியில்லையா? (வேலூர் வாசகர்)

பதில்: கார்டில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். 180 வாட் கார்டு, பிராசஸர், மானிட்டர் எல்லாம் கேம் நடுவில் ஒன்றாக இழுக்கும்போது அதனால் முடிவதில்லை. 1,000 விஏக்கு மேல், முடிந்தால் ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ்ஸாகப் பாருங்கள், நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில சமயம் சாதா யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும்.

சூட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன், காசு செலவில்லை. கார்டின் மென்பொருளில் பவர் லிமிட் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை 80 சதவீதத்துக்கோ உங்கள் கார்டு அனுமதிக்கிற குறைந்த அளவுக்கோ இறக்குங்கள். நூறு எஃப்பிஎஸ் வந்த இடத்தில் நான்கைந்துதான் குறையும், சூடும் ஃபேன் சத்தமும் நன்றாகவே இறங்கும். ஏசி இல்லாத என் அறையில் மே மாதம் முழுக்க இப்படித்தான் வைத்திருக்கிறேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் என்றால் பக்கக் கதவைக் கழற்றி வைத்து ஒரு நாள் ஆடிப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் கேபினெட்டில்தான் காற்றோட்டம் இல்லை.

கேள்வி: இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் விலை குறையுமா? (சேலம் வாசகர்)

பதில்: முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ‘பொறுங்கள்’ என்றுதான் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 2025 கடைசியில் மெமரி சிப் விலை கிடுகிடுவென்று ஏறியது. உலகத்துக்கு வேண்டிய மெமரியில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள், மூன்றுக்கும் ஏஐ டேட்டா சென்டர்களிடமிருந்து வருகிற ஆர்டரில் லாபம் அதிகம். க்ரூஷியல் என்ற பெயரில் நாமெல்லாம் ரேம் வாங்கிக்கொண்டிருந்தோமே, அந்தச் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டிலும் இருப்பது மெமரிதான், 16 ஜிபி கார்டில் அது இரண்டு மடங்கு இருப்பதால் ஏற்றத்தின் அடியும் அதற்குத்தான் அதிகம். நான் நல்லது என்று சொல்கிற கார்டே விலையில் முதலில் அடிபடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போதிருக்கிற கார்டில் நீங்கள் ஆடுகிற கேம் ஓடுகிறது என்றால் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யாதீர்கள். ஓடவில்லை என்றால், உதாரணமாக ரே டிரேசிங் இல்லாமல் திறக்கவே மறுக்கிற ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ மாதிரி கேம்களை ஆட வேண்டும், கையில் இருப்பது 1660 சூப்பர் என்றால், காத்திருந்து பயனில்லை. அறிவித்த டாலர் விலையை அன்றைய ரேட்டில் ரூபாயாக்கி, 18 சதவீதம் கூட்டி ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடை விலை அதற்கு மேல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் 16 ஜிபி கார்டை எடுத்துவிடலாம். அதற்கு மேல் போனால் செகண்ட் ஹேண்டில் 12 ஜிபி தேடுங்கள், விலை ஏறிவிட்டதே என்று 8 ஜிபிக்கு இறங்கி வந்துவிடாதீர்கள். சேலத்தில் கிடைக்காவிட்டால் கோவையிலோ சென்னையிலோ இரண்டு மூன்று கடைக்கு போன் போட்டுக் கேளுங்கள், ஒரே கார்டுக்கு மூவாயிரம் வரை வித்தியாசம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பில்லில் கார்டின் சீரியல் நம்பரையும் 16 ஜிபி என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.